அஞ்சு இருபது

1991 தீபாவளிக்கு ரஜினியின் ‘தளபதி’ வந்தது. எனக்குப் பதினாறு வயது. மதுரையில் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. தீபாவளி வாரத்தில் நான் எங்கே போனேன் என்று கேட்க வீட்டில் ஆளிருக்காது. அந்தத் தைரியத்தில் நானும் மூன்று கூட்டாளிகளும் விடிகாலையிலேயே தியேட்டர் கூண்டுக்குள் நின்றோம். கூண்டு என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு சுவருக்கு நடுவே ஓர் ஆள் அகலச் சந்து, மேலே கம்பி, கடைசியில் சுவரில் ஓர் ஓட்டை. காசை இறுக்கிப் பிடித்த கை உள்ளே போகும். வெளியே இழுக்கும்போது மணிக்கட்டில் தோல் உரிந்திருக்கும். விரலிடுக்கில் வியர்வை ஈரத்தோடு இரண்டு டிக்கெட். ஆளுக்கு இரண்டுதான். நாங்கள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் நின்றோம்.

அப்புறம் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், உதட்டுக்குள்ளேயே “அஞ்சு இருபது, அஞ்சு இருபது” என்று முணுமுணுத்தபடி நடக்க வேண்டும். ஐந்து ரூபாய் டிக்கெட் இருபதுக்கு.

கடைக்கு அடுத்த தையல்காரர் எதிரே வந்தார். விடிய விடிய மெஷின் மிதித்த கண்கள், கழுத்தில் டேப்கூட அப்படியே தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பேரமே பேசாமல் நாற்பதைக் கொடுத்து இரண்டு வாங்கிப் போனார். மறுநாள் அத்தாவிடம் அவரே சொல்லிவிட்டார்: “பாய், உங்க பையன் புண்ணியத்துல முத நாளே படம் பாத்துட்டேன்!” மனசாரப் புகழ்ந்துதான் சொன்னார்.

அத்தா அடிக்கவில்லை. “வர்ற வண்டிய வழியிலேயே மறிச்சுட்டியாடா?” என்றார். சரக்கோடு வரும் வணிகர் கூட்டத்தை, சந்தைக்கு வந்து சேருமுன் ஊருக்கு வெளியிலேயே போய் மடக்கி வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். அத்தாவுக்கு வியாபாரத்தில் வேதம் அதுதான். சந்தேகம் தீரப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கூட்டிப்போனார். ஹஜ்ரத் ஒரே போடாகப் போட்டார்: “சினிமாவே கூடாதுங்கிறேன். அந்த டிக்கெட்ட என்ன வெலைக்கு வித்தா என்ன?”

ஆனால் கேள்வி அவ்வளவு சுலபமில்லை என்று பிற்பாடு படித்தபோது தெரிந்தது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலை நிர்ணயித்துத் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு நபிகள் மறுத்துவிட்டார்கள். விலையை வைப்பவன் அல்லாஹ்வே என்றார்கள். அப்படியானால் இருபது ரூபாயில் என்ன குற்றம்? பதுக்கலைப் பாவம் என்றவர்களும் அவர்கள்தான். எதைப் பதுக்கினால் பாவம் என்பதில் எங்கள் ஹனஃபி இமாம்களே ஒத்துப்போகவில்லை. மனிதர், கால்நடைகளின் உணவை மட்டும் என்றார் அபூஹனீஃபா. எதை முடக்கினால் ஜனங்களுக்குக் கேடோ அதெல்லாம் பதுக்கல்தான் என்றார் அவருடைய மாணவர் அபூயூசுஃப். ரஜினி படம் முதல் நாள் பார்க்கக் கிடைக்காதது கேடா? மதுரைக்காரனிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

இன்றைய சட்டங்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. இங்கிலாந்தில் 1994 சட்டம் கால்பந்து டிக்கெட் மறுவிற்பனையை மட்டும் பிடித்தது. எதிரணி ரசிகர்கள் கலந்து உட்கார்ந்து அடித்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலை. அயர்லாந்து 2021-ல், ஆயிரம் பேரோ அதற்கு மேலோ கொள்ளும் அரங்குகளுக்கு, அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனையே கூடாது என்றது. ஒலிம்பிக்ஸை எதிர்பார்த்திருந்த ஜப்பானின் சட்டம் 2019 ஜூனில் அமலுக்கு வந்தது. ஓராண்டு வரை சிறை, பத்து லட்சம் யென் வரை அபராதம். ஆனால் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தன் சீட்டை வாங்கிய விலைக்கே கைமாற்றுபவனை அது தொடுவதில்லை. அதையே தொழிலாக வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பவனைத்தான் பிடிக்கிறது. அத்தா இருந்திருந்தால் ஜப்பான்காரன் பக்கம் தலையாட்டியிருப்பார்.

நானும் அந்தப் பக்கம்தான். தையல்காரருக்கு நான் அநியாயம் செய்ததாக இன்றும் நினைக்கவில்லை. அவரால் நிற்க முடியாது, நான் நின்றேன். கூலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நான் கெடுத்தது வேறு ஆளை. மாற்றுச் சட்டையில் இரண்டாம் தடவை ஓட்டைக்குள் கைவிட்டபோது, பின்னால் ஒருவர் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் டிக்கெட்டோடு கையை இழுத்ததும் உள்ளேயிருந்து பலகையைச் சாத்திவிட்டார்கள். கூண்டில் திரும்ப இடமில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அப்போது, முகம் தெரியாதவர்களிடம் சம்பாதித்த லாபத்தை, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் அத்தா. தையல்காரரின் முப்பது ரூபாயை மட்டும் நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வைத்தார். “எதுக்கு தம்பி? நீ நிக்காட்டி நான் எங்க பாத்திருப்பேன்?” என்று அவர் வாங்க மறுத்தார். அத்தா நகராமல் நின்றதால் கடைசியில் வாங்கி மெஷின் டிராயரில் போட்டார்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அவரிடம்தான் சட்டை தைத்தேன். கூலி எவ்வளவுண்ணே என்று கேட்டேன்.

“முப்பது. அதான் அன்னிக்கே குடுத்துட்டியே.”