குடியை வெல்வது தனியொருவர் செயலா?

கேமரன் மலைக்கு வருவோர் பனியையும் பசுமையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது முதல், அம்மலைச் சரிவுகளைக் கொழுந்துக் காடுகளாக்கிய கைகளுள் தமிழர் கைகள் பல. அவ்வுழைப்போடு ஒட்டி வளர்ந்த துன்பம் ஒன்றும் உண்டு, அது குடி. ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கோயிலும் பள்ளியும் இருந்ததைப் போலவே கள்ளுக்கடையும் இருந்தது. சம்பளமாகப் பெற்ற காசின் ஒரு பகுதி அன்று மாலையே அக்கடைக்குச் சென்று சேர்ந்தது. பின்னாளில் மலிவான சம்சு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இத்தகைய தோட்டத்தில் ஒருவர் குடியை விட விரும்புகிறார் எனக் கொள்வோம். ஊரார் அவருக்குக் கூறும் அறிவுரை ஒன்றே: “மனத்தை உறுதியாக வைத்துக்கொள்.” குடியை விடுதல் மனவுறுதி ஒன்றினால் மட்டும் முடியும் செயலா? முடியாதெனின், வீழ்ந்தவர் மீண்டும் வீழும்போது பழி அவருக்கு மட்டுமே உரியதா?

தமிழர் இதற்கு முன்னும் வழி தேடியதுண்டு. இராஜாஜி 1937ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைச் சட்டமாக்கினார். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர். இரண்டும் போற்றத்தக்க முயற்சிகள். ஆயினும் அவை கடையின் கதவை அடைக்க முயன்றவை. கடை மூடியபின்னும் மனிதனுள் எஞ்சி நிற்கும் வேட்கையை எவர் தணிப்பது?

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதியில் இரு கருத்துகளை அடுத்தடுத்து வைத்துள்ளார். குடித்திருப்பவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முனைவது வீண் என்பது ஒன்று. குடியாத வேளையில் பிறிதொரு குடியனைக் காண்பவன் தன் சோர்வையும் எண்ணிப் பார்க்கமாட்டானோ என்பது மற்றொன்று. வெளியாள் உரைக்கும் அறிவுரை புகாத இடத்தில், தன்னைப் போன்ற ஒருவனின் காட்சி புகுந்துவிடுகிறது என்று இவ்விரண்டையும் இணைத்துக் கொள்ளலாம் அன்றோ?

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இதற்கொரு சான்று நிகழ்ந்தது. குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர், தொழிலில் தோற்று, மீண்டும் குடித்துவிடுவோமோ என அஞ்சினார். அப்போது அவர் தேடியது அறிவுரை கூறுவோரை அன்று. தம்மைப் போல் குடியால் துன்புறும் இன்னொருவரை. அவ்வாறு கண்டடைந்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். இருவரும் பேசினர், இருவரும் மீண்டனர். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு. அதில் சேரக் கட்டணம் இல்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் சொன்னது வெளியே போகாது. கோலாலம்பூர், பினாங்கு முதலிய நகரங்களில் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன; தொலைபேசி வழியாகக் கூடுவோரும் உளர்.

குடி ஒரு நோயென்றால் குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லையா எனச் சிலர் வினவுவர். பொறுப்பு உண்டு. நோயுற்றதற்காக ஒருவரைப் பழிப்பதில்லை. ஆயினும் மருந்துண்ணும் கடமை அவருடையதே. துணையை நாடி முதலடி வைப்பது அவர் செய்ய வேண்டிய செயல். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலின் அவர் முதலில் நாட வேண்டிய இடம் மருத்துவமனை. தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை உண்டு. உடல் தெளிந்தபின் மனம் தளராதிருக்கவே குழு வேண்டும்.

எனினும் தோட்டத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நகரத்தில் ஒருவர் பெயரை மறைத்துக் கூட்டத்திற்குச் செல்லலாம். லயத்து வீடுகளிலோ ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கூட்டத்திற்குச் செல்பவரைக் காலையில் கண்டவர், மாலைக்குள் தோட்டமெங்கும் சொல்லிவிடுவர். கடைக்குச் செல்ல வெட்கப்படாத ஒருவர், குணமடையச் செல்ல வெட்கப்படுகிறார்! இந்நிலையை உண்டாக்கியவர் குடிப்பவர் அல்லர், அவரைச் சுற்றியிருப்போரே.

ஆகவே குடியிலிருந்து மீளுதல் இருபுறமும் கடமையைப் பிறப்பிக்கிறது. மீள்பவர் தம் நிலையை ஒளியாது உரைக்க வேண்டும். ஊரார் கேட்டதைப் பரப்பாது காக்க வேண்டும். பெயர் மறைத்தல் இயலாத சிற்றூரில் நாவடக்கமே அந்த மறைப்பு. நகரத்துக் கூட்டத்தை அடைய வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் நெடுந்தொலைவு செல்ல இயலாதவர்க்கும் வழி அடைபட்டதன்று. அக்ரனில் தொடங்கியது இருவரால்தான். கோயில் மண்டபத்தின் ஒரு மூலையோ பள்ளியின் வெற்று வகுப்பறையோ கிடைத்தால், இரண்டு நாற்காலிகள் போதும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. வீட்டுப்பாடம் செய்யாது வரும் மாணவன், முன்னிரவெல்லாம் தந்தையின் கூச்சலில் உறங்காதவனாக இருக்கலாம். “குடிகாரன் மகன்” என்னும் சொல் வகுப்பறையில் ஒலிக்கவிடாமல் தடுப்பவர், அம்மாணவனை மட்டும் காப்பவர் அல்லர். அவன் தந்தை என்றேனும் வெட்கமின்றி நடந்துவருவதற்கான பாதையையும் காப்பவர் ஆவார்.