திரைக் குற்றவாளியும் பார்வையாளனின் மன்னிப்பும்

வீதியிலே திருடனைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும் மனிதன், அத்தகைய திருடன் திரையிலே தோன்றும்போது, அவன் அகப்பட்டுவிடலாகாதே எனப் பதைபதைக்கின்றான். இம்முரண்பாடு அழகியற் பிரச்சினை மட்டுமன்று, ஒழுக்கவியற் பிரச்சினையுமாகும். கள்ளாமையைத் துறவறவியலில் வைத்துப் பேசும் திருக்குறள், பிறர் உடைமையைக் கவர எண்ணும் எண்ணத்தையே குற்றமாகக் கொள்கின்றது. அவ்வாறாயின், அரங்கின் இருளிலே திருடனோடு மனத்தால் உடன்பட்டு நிற்கும் பார்வையாளனும் குற்றத்திற் பங்குகொள்கின்றானா என்ற வினா எழுகின்றது.

அமெரிக்கத் திரைப்படத்துறை இவ்வினாவுக்கு விதிகள் மூலம் விடைகாண முயன்றது. 1930இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவை, பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயலாகாது என விதித்தது. அதற்கு முன்னரே ஹவார்ட் ஹோக்ஸின் 'ஸ்கார்ஃபேஸ்' (1932) தணிக்கையாளரின் நெருக்குதலுக்கு ஆளாகி, தேசத்தின் அவமானம் எனப் பொருள்படும் உபதலைப்பைப் பெற்றது. நாயகன் தூக்கிலிடப்படும் மாற்று முடிவொன்றும் அதற்கெனப் படமாக்கப்பட்டது. இறுதியிலே தண்டனை கிடைத்துவிட்டால் நீதி நிலைபெற்றுவிடும் என்பதே இங்கு அடிப்படை எண்ணம். ஆயின், ஒன்றரை மணி நேரம் பாதாள உலகத் தலைவனின் துணிவையும் செல்வத்தையும் கண்டு வியந்த உள்ளம், ஈற்றிற் காட்டப்படும் தண்டனையால் எளிதில் மாறிவிடுவதில்லை.

பிரான்சிஸ் போர்ட் கொப்பொலாவின் 'த கோட்ஃபாதர்' (1972) இவ்வகையில் நுணுகி நோக்கற்பாலது. மலர்ச்சாலை நடத்தும் ஒருவரின் முறையீட்டுடன் அப்படம் தொடங்குகின்றது. அவருடைய மகளைக் கொடுமையாகத் தாக்கிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனையே வழங்கியுள்ளது. சட்டம் கைவிட்ட தந்தை, கொர்லியோனே என்ற தலைவனை நாடுகின்றார். இவ்வாறு, குற்றவாளி முதற் காட்சியிலேயே நீதிபதியின் இருக்கையில் அமர்த்தப்படுகின்றான். அவனது தொழிலாற் பொருளிழந்த குடும்பங்களோ திரையில் இடம்பெறுவதில்லை. கொல்லப்படுவோரும் பெரும்பாலும் அதே தொழிலைச் சேர்ந்தோரே. இறுதியில், ஞானஸ்நானச் சடங்கின்போது சாத்தானை மறுதலிப்பதாக மைக்கல் உறுதிகூற, அவன் ஏவிய கொலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. படம் தன் நாயகனைக் கண்டிக்கின்றது என்பதில் ஐயமில்லை. எனினும், அவனை வெறுக்கவேண்டிய நேரம் வரும்போது பார்வையாளன் அக்குடும்பத்தில் ஒருவனாகிவிடுகின்றான்.

சில்லறைத் திருடரைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் வேறொரு வழியிற் செல்கின்றன. மாரியோ மொனிச்செல்லியின் இத்தாலியப் படமொன்றின் (1958) தலைப்புக்கு 'வழமையான இனந்தெரியாதோர்' என்று பொருள். பத்திரிகைச் செய்தியில் முகமற்றோராய் மறையும் மனிதர்களுக்கு அப்படம் முகங்களை வழங்குகின்றது. அடகுக்கடையின் பெட்டகத்தைக் கொள்ளையிட அயல்வீட்டுச் சுவரைத் துளைப்போர், தவறான சுவரைத் துளைத்து அதே வீட்டின் சமையலறைக்குள்ளேயே புகுகின்றனர். அங்கிருந்த பாஸ்தாவையும் கடலையையும் உண்டு திரும்புகின்றனர். பிறருக்கு நோவோ அழிவோ விளைவிக்காத குறையே நகைப்புக்குரியது என்ற அரிஸ்ரோட்டிலின் கருத்துக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். ஆயின், அவர்களுள் ஒருவனாயிருந்த கொசிமோ, கைப்பையொன்றைப் பறிக்க முயன்று ட்ராம் வண்டியில் அகப்பட்டு இறக்கும்போது அந்நகைப்பு அடங்கிவிடுகின்றது. இத்தகைய படம் திருடனை வியக்கச் செய்வதில்லை. அவனை மனிதனாக இனங்காணச் செய்கின்றது. எனினும், இங்கும் களவுபோகவிருந்த பொருள்களுக்கு உரியோர் யார் என்பது காட்டப்படவில்லை. அடகுக்கடையிலிருப்பது பெரும்பாலும் ஏழைகளின் உடைமையே என்பதைச் சிரிப்பு மறக்கச் செய்துவிடுகின்றது.

இம்மறதிக்கு இடமளியாத படமாக வித்தோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்' (1948) விளங்குகின்றது. படுக்கை விரிப்புகளை அடகுவைத்து மீட்ட சைக்கிளைத் தொழிலாளியான அந்தோனியோ பறிகொடுக்கின்றான். அதனைத் தேடியலைந்து சலித்தபின் தானே பிறனொருவனின் சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகின்றான். அழுதுநிற்கும் அவனுடைய மகனைக் கண்ட உரிமையாளன் அவனைப் பொலிஸாரிடம் ஒப்படையாது விட்டுவிடுகின்றான். அந்தோனியோவின் வறுமையை அவ்வுரிமையாளன் அறியான், பார்வையாளன் அறிவான். ஆயினும், மன்னிக்கும் உரிமை அவ்வுரிமையாளனுக்கே உண்டு; ஏனெனில், இழக்கவிருந்தவன் அவனே.

இங்கேதான் பிரச்சினையின் மையம் அமைந்துள்ளது. திரைக் குற்றவாளியிடத்துப் பரிவு கொள்வது தவறன்று. குற்றத்தின் சமூகக் காரணங்களை உணர்வதற்குப் பரிவு இன்றியமையாதது. ஆனால், எதனையும் இழவாத பார்வையாளன், இழந்தவனைக் காணாமலே, அவனுக்குப் பதிலாகக் குற்றத்தை மன்னித்துவிடுகின்றான். பிறனுக்குரிய மன்னிக்கும் உரிமையைத் தனதாக்கிக் கொள்வதும் ஒருவகைக் களவே. ஆதலின், குற்றவாளிக்கு ஈற்றிலே தண்டனை கிடைத்ததா என்பதைக் கொண்டு இத்தகைய படங்களை மதிப்பிடுதல் போதாது. அவனாற் பாதிக்கப்பட்டவனுக்குக் கதையிலே முகமொன்று வழங்கப்பட்டுள்ளதா என்பதே முதலிற் கேட்கப்படவேண்டிய வினாவாகும்.