கைநாட்டு என்னும் வசை

2024 செப்டம்பர் 15ஆம் திகதி இலங்கையில் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்ற செய்தி நாட்டைக் குலுக்கியது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் ஏறியது. பெறுபேறுகள் அடுத்த ஆண்டு ஜனவரி வரை இழுபட்டன. பச்சைப் பிள்ளைகளுக்கு இழைத்த அநீதி என்று எல்லோரும் சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். ஆனால் அதே மண்டபங்களில், அதே நாளில், முழு வினாத்தாளுமே பூட்டிக் கிடந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். தாள் கையில் இருந்தது, எழுத்து கண்ணில் பட்டது, சொல் மட்டும் பிடிபடவில்லை. விடை தெரிந்தும் வினாவை வாசிக்க இயலாத அந்தப் பிள்ளைகளுக்காக நாடு குலுங்கவில்லை.

மலையகத்தின் கொட்டகலையிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் பெறுபேறு வரும் வாரத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் பதாகையில் ஏறும். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வேறு பட்டங்கள் காத்திருக்கும். மக்கு. மண்டையில் ஏறாதது. கொழுந்து எடுக்கத்தான் லாயக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, கைநாட்டு. எழுத்து வசப்படாத பிள்ளையை எள்ளுவது எங்கும் பிழை. மலையகத்தில் அது இரட்டைப் பிழை. காகிதத்தைக் காட்டி ஆளப்பட்ட ஒரு சனம், காகிதம் பிடிபடாத தன் பிள்ளையையே பழிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

முதலில், குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்லெக்சியா என்று மருத்துவம் அழைக்கும் வாசிப்பு இடர்பாட்டுக்கும் சோம்பலுக்கும் தொடர்பில்லை. புத்திக் குறைவுக்கும் தொடர்பில்லை. காதில் விழும் ஒலியைக் கண்ணில் தெரியும் வடிவத்தோடு முடிச்சுப் போடும் வேலை இப்பிள்ளைகளின் மூளைக்குக் கடினமாக இருக்கிறது. பெரும்பாலும் இது குடும்ப வழியாக வருகிறது. 1896ல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டியான அந்தப் பையன், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிவு செய்தார். அந்த ஆசிரியருக்கு அன்றே தெரிந்தது, நம் வகுப்பறைகள் பலவற்றின் வாசலை இன்னும் தாண்டவில்லை.

தமிழ் வரிவடிவமும் இப்பிள்ளைகளுக்கு இலேசானதல்ல. கொட்டகலை என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். வாய் ககரத்தில் தொடங்குகிறது. கையோ கொம்பில் தொடங்க வேண்டியிருக்கிறது. ககரத்துக்குப் பின் ஒலிக்கும் ஒகரம், எழுத்தில் கொம்பாக முன்னும் காலாகப் பின்னும் பிரிந்து நிற்கிறது. கடைசி ‘லை’யிலும் இதே கதைதான், ஒலியில் பிந்துவது எழுத்தில் முந்திக்கொள்கிறது. போதாததற்கு ல, ழ, ள என்றும் ந, ன, ண என்றும் அண்ணன் தம்பிகள். சொந்த ஊரின் பெயரில் இடறும் பிள்ளை, ஒலி காட்டிய வழியில் நேராக நடந்த பிள்ளை. அந்த ‘லை’ கூட இன்றுள்ள உருவில் என்றும் இருந்ததில்லை. துதிக்கை தூக்கி நின்ற பழைய வடிவத்தைத் தமிழ்நாடு அரசு 1978ல் ஓர் ஆணையால் மாற்றியது. ஓர் ஆணைக்கு வளைந்து கொடுக்கும் வடிவத்தை அளவுகோலாக்கி, ஒரு பிள்ளையின் பிறவித் தகுதியை அளப்பது அறமாகுமா?

மலையகத்தின் வரலாற்றில் எழுத்து பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில்தான் நின்றது. துண்டு முறை இருந்த காலத்தில் தோட்டம் மாறும் தொழிலாளியின் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அவர் தலையில் எவ்வளவு கடன், எந்தத் தொகையைக் கட்டினால் அவரை விடுவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். சுமந்து போனவருக்கு வாசிக்கத் தெரியாது. தன் விலையைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டு, அது எவ்வளவு என்று அறியாமல் மலையேறியவர்கள் நம் முன்னோர். 1921ல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. காகிதத்தின் ஆட்சி ஒழியவில்லை. 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். வியர்வை சிந்தி வாழ்ந்த வாழ்க்கை, தாளில் ஏறாததால் பொய்யாய்ப் போனது. நாட்டில் இலவசக் கல்வி 1945ல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970கள் ஆயின. இப்படிப் படிக்க விடாமல் வைக்கப்பட்டவர்களின் முகத்தில் எறியப்பட்ட சொல்தான் கைநாட்டு. பாட்டன் பட்ட வசையை, படித்து மேலேறிய பேரன் பொறுக்கியெடுத்துத் தன் பிள்ளைமேல் எறிகிறான்.

பெருவிரல் வைத்த அந்தப் பாட்டன்மார் அறிவிலிகளா? மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் இரவில் இதற்கு விடை கிடைக்கும். மதனும் ரதியும் ஆடும் கதையை நெஞ்சிலிருந்தே எடுத்துப் பாடித் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். ஹட்டனில் 1931ல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யருக்கும் அவர் துணைவி மீனாட்சியம்மாளுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் உரிமைச் செய்தியைப் பாட்டாக்கினார்கள். வாசிக்கத் தெரியாதவரும் கேட்டார், பாடினார், சங்கத்தில் சேர்ந்தார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தபோது, ஆங்கிலத்திலும் எழுதிய அந்தப் பெருமனிதர் ஏடறியாதவர்களின் வாய் முன்னே காது கொடுத்து அமர்ந்தார்.

எழுத்தறியாதவர் அறிவிலிகள் அல்லர் என்பதே தமிழ் மரபின் தீர்ப்பும். தொல்காப்பியத்தின் முதற் பகுதிக்கு எழுத்ததிகாரம் என்று பெயர். ஆனால் அங்கே பிறப்பியல் பேசுவது ஒலியை, மிடற்றிலும் நாவிலும் இதழிலும் பிறக்கும் ஒலியை. வள்ளுவர் கல்விக்கு நாற்பதாம் அதிகாரத்தையும் கல்லாமைக்கு அடுத்ததையும் கொடுத்தார். கல்லாமையைக் கடிந்த கையோடு நாற்பத்திரண்டாவதாகக் கேள்வியை வைத்தார். படிப்பு வாய்க்காதவரும் கேட்டறியட்டும், தளரும் வேளையில் அதுவே துணை என்பது அங்கே அவர் சொல்லும் அறம். காதால் சேர்ப்பதை எல்லாச் செல்வத்துக்கும் மேலே ஏற்றியவரும் அவரே. நன்னூலின் பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது; பிரம்புக்கு ஒப்பிடவில்லை. ஐந்து வயது வரை வாய் திறக்காத பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குச் சுமந்து போனார்கள் என்றும், அந்தப் பிள்ளையே குமரகுருபரராகப் பாடியது என்றும் நம் மரபு போற்றுகிறது. கண்ணில்லாத ஒருவரும் காலில்லாத ஒருவரும் சேர்ந்து, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்து, இரட்டைப்புலவர் என்று பேரெடுத்தார்கள். ஒருவரின் குறையை மற்றொருவர் இட்டு நிரப்புவதை இழிவென்று எண்ணாத மரபு இது.

மறுபக்கத்தில் சொல்லக் கூடியதும் உண்டு. எண்ணையும் எழுத்தையும் கண்ணென்றார் ஔவையார். கல்லாதவர் முகத்தில் இருப்பவற்றைப் புண்ணென்றே சொல்லிவிட்டார் வள்ளுவர். லயத்தை விட்டு வெளியேற மலையகப் பிள்ளைக்கு எழுத்தை விட்டால் வேறு ஏணி இல்லை என்பதும், எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம் என்பது ஒரு வகை நேர்மை என்பதும் மெய்யே. ஆனால் வள்ளுவர் கடிந்தது கற்கக் கூடியும் கல்லாதவரை. முயன்றும் முடியாத பிள்ளை அந்தக் கணக்கில் வராது. ஒரே அளவு என்பதும் எப்போதும் நீதியாகிவிடாது. கொழுந்து நிறுக்குமிடத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ வெட்டப்படும்போது, தராசு எல்லோருக்கும் ஒன்றுதானே என்று எந்தத் தொழிலாளியும் வாய்மூடி நிற்பதில்லை. நிறுவைக் களத்தில் விளங்கும் நியாயம் வகுப்பறையில் மட்டும் ஏன் விளங்காமல் போகிறது?

கற்பனை உலகங்கள்கூட இப்பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துவிட்டன. ரிக் ரியர்டன் என்ற அமெரிக்கர், வாசிப்பு இடர்பாடுள்ள தன் மகனுக்குச் சொன்ன கதையிலிருந்து பிறந்தது 2005ல் வந்த பெர்சி ஜாக்சன் நாவல். அந்த உலகில் தேவர்களுக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து நழுவும். அவர்கள் மனம் பண்டைய கிரேக்க மொழிக்கென்றே படைக்கப்பட்டது என்று கதை காரணம் சொல்லும். ஒரு தகப்பனின் பரிவு அது, வணங்கத் தக்கது. ஆனால் அறம் இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்கிறது. மறைந்திருக்கும் தெய்வ அம்சம் வெளிப்பட்டால்தான் ஒரு பிள்ளையை மதிக்க வேண்டும் என்பதில்லை. எந்த வீரமும் எந்த மேதைமையும் இல்லாமல், எழுத்தும் வராமல், சும்மா ஒரு பிள்ளையாக இருப்பதே மதிப்புக்குப் போதிய காரணம்.

செய்ய வேண்டியவை மலையைப் பெயர்க்கும் வேலைகள் அல்ல. வகுப்புப் பரீட்சையில் வினாவை ஒருவர் உரக்க வாசித்துக் காட்டலாம். கூடுதல் நேரம் கொடுக்கலாம். விடையை வாயால் கேட்கலாம். தடுமாறும் பிள்ளையை எழுப்பி எல்லோர் முன்னும் வாசிக்க வைக்கும் தண்டனையை இன்றோடு நிறுத்தலாம். பார்த்து, சொல்லி, கேட்டு, விரலால் வரைந்து படிப்பதே இப்பிள்ளைகளுக்கு ஏற்றது என்று இன்றைய பயிற்சிமுறைகள் கூறுகின்றன. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிச் சொல்லி விரலால் எழுதியபோது நம்மவர் செய்ததும் அதுதான். இந்தியா 2016ல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் இடர்பாட்டைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. கொட்டகலைக்கு அருகே பத்தனையில், ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் இளம் ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள். நன்னூல் சொன்ன நிலமும் நிறைகோலும் அவர்களாகட்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்து குறைந்தால் வேலைப் பதிவேடான செக்ரோலில் அரைப்பேர் விழும். அந்த அரைப்பேரின் வலி தெரியாத குடும்பம் இந்த மலையில் இல்லை. தெரிந்தவர்களே, எழுத்து குறைந்ததென்று தங்கள் பிள்ளைக்கு அரைப்பேர் போடலாகாது.