ஆளில்லாத சந்தியில் ஒரு சைகை



சந்தியிலே வாகனத்தைத் திருப்பும்போது நீங்கள் தவறாமல் சிக்னல் போடுகிறீர்களா? சுவாமியார் பொலிஸ்காரரின் வேலையைக் கையில் எடுத்துவிட்டார் என்று சிரித்துவிடாதீர்கள். அண்மையில் மறைக்கல்வி ஆசிரியரான இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “வீதியில் ஒருவருமே இல்லாத நேரத்திலும் சிக்னல் போடத்தான் வேண்டுமா, சுவாமி? யாருக்காகப் போடுவது?” எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது. மனச்சாட்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு பெரிய விஷயம் இந்தச் சிறிய விளக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் இளைஞரின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். சிக்னல் என்பது ஒருவகைப் பேச்சு. கேட்பார் இல்லாத இடத்தில் பேசுவதில் பொருளில்லை. இங்கிலாந்தில் பொலிஸ் சாரதிகளைப் பயிற்றுவிக்கும் ‘றோட்கிராப்ற்’ என்னும் கைநூல்கூட, சிக்னல் யாருக்குப் பயன்படும் என்று சிந்தித்துப் போடும்படியே கற்பிக்கிறது. கை பழகிவிட்டதென்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதைவிட, சுற்றிவரப் பார்த்துச் சிந்திப்பது மேல் என்பது அவர்களின் எண்ணம். அதிலே உண்மை இல்லாமலில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை. பிடிபட்டால் தண்டத்தைக் கட்டினால் போதும் என்று முற்காலத்து ஒழுக்கவியல் அறிஞர் சிலர் கருதினர். வீதிச் சட்டங்களை அந்த வரிசையில் வைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் 1965ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, தன் 30ஆம் பிரிவில், வேகக் கட்டுப்பாட்டுச் சட்டங்களையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றை அலட்சியம் செய்வோர் தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள் என்பது சங்கத்தின் தீர்ப்பு. ஆகவே, தண்டம் கட்டுவதோடு கணக்குத் தீர்ந்தது என்று ஒரு கத்தோலிக்கன் சொல்ல முடியாது.

சரி, ஒருவருமே இல்லாத வீதியில் யாருக்கு ஆபத்து? இதற்கு மறுமொழி சொல்லுமுன் என் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மைம்மல் பொழுது. திருப்பலியை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். முன்னும் பின்னும் பார்த்தேன், ஒருவரையும் காணவில்லை. சிக்னல் போடாமலே வலப்பக்க ஒழுங்கைக்குள் திருப்பினேன். எதிரே, லைற் இல்லாத சைக்கிளில், மீன் பெட்டியோடு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்திருக்கிறார். என்மேல் மோதாமல் வெட்டித் திருப்பியவர் மதிலோரத்தில் விழுந்தார். முழங்கால் உரசிவிட்டது, மிஞ்சியிருந்த மீன்கள் புழுதியில் சிதறின. ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் திரும்பப் போறியளெண்டு எனக்கென்னண்டு சுவாமி தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

அவர் லைற் இல்லாமல் வந்தது பிழைதான். ஆனால் அவருடைய பிழை என் பிழையை அழித்துவிடாது. அவர் என்னைக் கண்டார். நான் அவரைக் காணவில்லை. என்னிடம் ஒரு சிறு அறிவித்தல் வந்திருந்தால் அவர் பிறேக்கைப் பிடித்திருப்பார். “ஒருவருமில்லை” என்று நான் எண்ணியது, “நான் ஒருவரையும் காணவில்லை” என்பதுதான். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் மனிதர் விழுகிறார்கள், சாகிறார்கள்.

குருமடத்தில் நாங்கள் படித்த பழைய சட்டமொன்று அன்று எனக்கு விளங்கியது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 21ஆவது சட்டம் அது. பொதுவான ஆபத்தைத் தடுப்பதற்கென இடப்பட்ட சட்டம், குறித்த ஒரு சந்தர்ப்பத்தில் ஆபத்து இல்லாவிட்டாலுங்கூடக் கட்டுப்படுத்தும் என்பதே அதன் கருத்து. 1983இல் புதிய தொகுப்பு வந்துவிட்டது. ஆயினும் அந்த நியாயம் பழசாகவில்லை. ஏன்? ஆபத்து இல்லை என்று தீர்ப்பிடுகிறவன் யார்? அவசரமாக வீடு போகவேண்டிய நானே! என் வழக்கில் நானே நீதவானாக அமர்ந்தால் தீர்ப்பு எப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

ஆகவே இளைஞருக்கு நான் சொல்லும் மறுமொழி இது: நாம் காண்பவர்களுக்காக மட்டுமல்ல, காணாதவர்களுக்காகவும் சிக்னல் போட வேண்டும். இங்கிலாந்துக் கைநூல் சொல்வதுபோல் நன்றாகப் பாருங்கள், பார்த்தபின்னும் போடுங்கள். பார்வை சிக்னலுக்குப் பதிலாகாது, சிக்னலும் பார்வைக்குப் பதிலாகாது. நல்ல சமாரியன் உவமையைத் தூண்டிய கேள்வி, எனக்கு அயலான் யார் என்பது. வீதியிலே அந்த அயலான் பெரும்பாலும் முகம் தெரியாதவன்: லொறியின் மறைவில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளை, ஒழுங்கையிலிருந்து இறங்கும் மூதாட்டி, லைற் இல்லாத சைக்கிள்காரர்.

ஒன்றை மறக்க வேண்டாம். சிக்னல் ஓர் அறிவித்தலேயன்றி, வழியைப் பறித்துக்கொள்ளும் உரிமையல்ல. போட்டவுடனே குறுக்கே வெட்டுவது, கதவைத் தட்டிவிட்டு உத்தரவு கேளாமல் உள்ளே நுழைவதைப் போன்றது. திரும்பிய பின்னும் அணைக்காமல் மினுங்க விட்டுச் செல்வதோ பொய் சொல்வதற்கு ஒப்பானது. அதை நம்பி ஒருவர் வீதியைக் கடந்தால் என்ன நடக்கும்? ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்க வேண்டுமென்று ஆண்டவர் கற்பித்தது நாவுக்கு மட்டுமா?

2007ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வத்திக்கான் சாரதிகளுக்கெனப் பத்துக் கற்பனைகளை வெளியிட்டபோது, சிலர் அதை வேடிக்கையாகப் பேசினார்கள். அதிலே முதலாவது, கொலை செய்யாதிருப்பது. வேடிக்கைக்கு அங்கே இடமில்லை. கொலை செய்ய நினைத்து எவரும் வாகனத்தை எடுப்பதில்லை. அலட்சியமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

புண்ணியம் என்பது ஒருநாள் செய்கையல்ல, நிலைத்த பழக்கம் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். ஆளில்லாத சந்தியில் பழகிய கைதான் ஆள் நிற்கும் சந்தியில் தவறாது. தந்தையரே, தாய்மாரே, உங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறியிருக்கும் பிள்ளை உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் செய்யப்போவதை முன்கூட்டியே மற்றவனுக்கு அறிவிப்பது என் கடமை என்பதை அது அங்கேதான் படிக்கும்.

அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, ஐந்தாம் கற்பனையிலே சற்று நேரம் தரித்து நில்லுங்கள். “நான் ஒருவரையும் கொல்லவில்லை” என்று கடந்து போகுமுன், அந்த மீன்காரப் பெரியவரின் கேள்வியையும் உங்களிடம் கேட்டுப் பாருங்கள்.