விறகு நம்முடையது

எருசலேமுக்குப் போகும் வழியில், தங்க இடம் கேட்டுச் சமாரியர் ஊர் ஒன்றுக்கு ஆளனுப்புகிறார் இயேசு. ஊரார் மறுத்துவிடுகிறார்கள். கூட வந்த யாக்கோபுக்கும் யோவானுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. வானத்திலிருந்து அக்கினியை இறக்கி இவர்களை அழித்துவிடட்டுமா என்று கேட்கிறார்கள். லூக்கா 9ஆம் அதிகாரம். வெறும் ஆத்திரத்தில் கேட்டது என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு வேத ஆதாரம் இருந்தது. தன்னைப் பிடிக்க வந்த ஐம்பது ஐம்பது பேர் கொண்ட இரண்டு படைகள்மேல் எலியா அக்கினியை வரவழைத்தார் என்று இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. அதுவும் இதே சமாரிய தேசத்தில். இயேசு திரும்பிப் பார்த்து இருவரையும் அதட்டினார். பிறகு எல்லோரும் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள்.

வேதத்தில் வரும் அக்கினி என்றதும் பலருக்கு எரிந்தும் கருகாத முட்செடி நினைவுக்கு வரும், புகை மூடிய சீனாய் மலை வரும், பெந்தெகொஸ்தே நாளின் அக்கினி நாவுகள் வரும். எனக்கு முதலில் வருவது இந்தச் சமாரிய ஊர்தான். மற்ற இடங்களில் எல்லாம் தேவன் அக்கினியை வைத்து என்ன செய்கிறார் என்று பார்க்கிறோம். இங்கே, அதை மனிதன் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்ய நினைப்பான் என்று பார்க்கிறோம்.

சின்ன வயதில் கன்வென்ஷன் பந்தலில் பாயில் உட்கார்ந்து நரக அக்கினியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். பிரசங்கியார் குரல் ஏற ஏற, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொள்வார்கள். இப்போது ஜெபக் கூட்டங்களில் வேறொன்றைக் கேட்கிறேன். தனக்கு விரோதமாக எழும்புகிறவர்கள்மேல் அக்கினி இறங்கட்டும் என்று கைகளை உயர்த்தி மன்றாடுகிறார்கள். அந்த விரோதி யாரென்று விசாரித்தால், பெரும்பாலும் சொத்துக்காக வழக்குப் போட்ட கூடப்பிறந்த அண்ணன்தான், அல்லது அடுத்த வீட்டுக்காரர்தான். அந்த ஜெபத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

நியாயத்தீர்ப்பின் அக்கினி வேதத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் தேவன் பட்சிக்கிற அக்கினி என்றே எபிரேயர் நிருபம் சொல்கிறது. அதை மழுப்பிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்த அக்கினி யாருடையது என்ற கேள்விக்கு வேதம் திரும்பத் திரும்ப ஒரே பதிலைத்தான் தருகிறது. ஆரோனின் மூத்த பிள்ளைகள் நாதாபும் அபியூவும் கட்டளையில்லாமல் தாங்களாகவே அந்நிய அக்கினியைத் தூபகலசத்தில் போட்டுக்கொண்டு போய் அதே இடத்தில் மாண்டார்கள். எருசலேமுக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கில் ஜனங்கள் தங்கள் பிள்ளைகளையே தீயில் இட்டார்கள். பக்தி என்று நினைத்துத்தான் செய்தார்கள். அப்படி ஒன்றை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியாவின் வாயால் கர்த்தர் அலறுகிறார். அதற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் நரகத்தைக் குறிக்க இயேசு எடுத்துக்கொண்டது இந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத்தான். கடவுள் பெயரால் மனிதர் மூட்டிய தீ எரிந்த இடமே நரகத்துக்குப் பெயர் கொடுத்தது என்பதை எந்தக் கன்வென்ஷனிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சபையின் வரலாறும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் யான் ஹுஸை எரித்தவர்கள் கத்தோலிக்கர்கள். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவுக்கு வெளியே சாம்பெல் என்ற இடத்தில் மிக்கேல் செர்வெத்தை எரித்தது எங்கள் சீர்திருத்தப் பக்கம். திரித்துவத்தை மறுத்தார் என்பதும் குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்தார் என்பதும் குற்றம். வழக்கை முன்னின்று நடத்தச் செய்தவர் ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின். எரிக்க வேண்டாம், வாளால் முடித்துவிடலாம் என்று கேட்டதுதான் அவர் காட்டிய இரக்கம். 350 ஆண்டுகள் கழித்து, 1903இல், கால்வினைப் பின்பற்றுகிறவர்களே அங்கே கல் நாட்டி அந்தத் தவறை ஒப்புக்கொண்டார்கள். கல் நாட்ட மூன்றரை நூற்றாண்டு ஆனது.

சரி, மனிதன் கையில் கொடுக்கப்பட்ட நெருப்புதான் எது? லேவியராகமத்தை நம்மில் பலர் அவசரமாகப் புரட்டிக் கடந்துவிடுகிறோம். அதன் 6ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. பலிபீடத்தின் முதல் பலியைப் பட்சித்தது கர்த்தருடைய சந்நிதியிலிருந்து வந்த அக்கினி. ஆனால் அது அவியாமல் காக்க வேண்டியவன் ஆசாரியன். காலைதோறும் அவன் விறகு அடுக்க வேண்டும். அதற்குமுன் இன்னொரு வேலை. சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு, இரவெல்லாம் எரிந்த பலியின் சாம்பலை அள்ளிப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்ட வேண்டும். பிறகு அந்த அங்கியைக் கழற்றி வேறு உடை மாற்றி, சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுமந்துகொண்டு போக வேண்டும். தேசத்தில் மிக உயர்ந்த பணியில் இருப்பவனுக்கு விடிந்ததும் முதல் வேலை சாம்பல் அள்ளுவது! விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும்: நேற்றைய சாம்பலை வழிக்காமல் இன்றைய விறகைச் செருகினால் புகைதான் வரும். நேற்றைய சண்டையைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டாத வீட்டில் குடும்ப ஜெபமும் அப்படித்தான் புகைகிறது.

பவுலையும் நினைத்துக்கொள்கிறேன். கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். தீவார் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கைதியாகப் போய்க்கொண்டிருந்த அந்த அப்போஸ்தலன் குளிர்காய்ந்துகொண்டு சும்மா உட்காரவில்லை, விறகு பொறுக்கப் போனார். 

ஆனால் என்னை மிகவும் ஆட்கொண்ட நெருப்பு யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் எரிகிறது. அதற்கு முன்னால், 18ஆம் அதிகாரத்தில் ஒரு கரிநெருப்பு. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைநகரம்; பஸ்கா காலத்து இரவு குளிரும். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் போய் நிற்கிறான். வாசலிலும் அந்த நெருப்பருகேயும், உள்ளே விசாரிக்கப்பட்டுக்கொண்டிருப்பவரைத் தெரியாது என்கிறான். மூன்று முறை.

பிறகு உயிர்த்தெழுதல். பிறகு திபேரியா கடல். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் நிற்பவர் யாரென்று தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதித்து நீந்தி வருகிறான். கரையில் கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன் வைத்திருக்கிறது, பக்கத்தில் அப்பம் இருக்கிறது. மூட்டியவர், மறுதலிக்கப்பட்டவர். நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். வலையில் 153 பெரிய மீன்கள். வந்து சாப்பிடுங்கள் என்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகே, பேதுருவிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறார். கேட்காமல் விடவில்லை, மூன்று முறை கேட்கிறார். பேதுருவுக்குத் துக்கம் வரும்வரை கேட்கிறார். ஆனால் ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை, என்னை நேசிக்கிறாயா என்றே கேட்கிறார். ராத்திரியெல்லாம் வேலை செய்து பசியோடு, நனைந்து வந்தவனை அந்த நெருப்பு முதலில் உலர்த்தியது. சத்தியத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் காலை உணவைத்தான் நான் காட்டுவேன். இரண்டும் அங்கே இருந்தன. எது முதலில் என்பதுதான் காரியம்.

எனக்குத் தெரிந்த சபை ஒன்றில் கணக்கில் பணம் குறைந்தது. பொறுப்பிலிருந்தவர் எடுத்துச் செலவழித்துவிட்டதை ஒத்துக்கொண்டார். பதவி போனது, போக வேண்டியதுதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. குடும்பத்தையே வெளியே தள்ளச் சொல்லிச் சிலர் கத்தினார்கள். ஆராதனை முடிந்து அவர் மனைவி வெளியே வந்தால் பேச்சு நின்றது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் கையைப் பிடித்து, “வாங்கம்மா, எல்லாரும் நம்ம வீட்ல சாப்பிட்டுட்டுப் போங்க” என்று கூட்டிப்போனார். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு இரண்டாம் தரம் சோறு போட்டார். இலை எடுத்த பிறகு, ஒரு தாளையும் பேனாவையும் அந்த மனிதர் முன் வைத்து, “தம்பி, எவ்வளவுன்னு எழுதுங்க. எப்பக் கட்டுவீங்கன்னும் எழுதுங்க” என்றார். அவர் எழுதினார். தவணை தவணையாகக் கட்டியும் முடித்தார். பதவி திரும்பக் கிடைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. குடும்பம் மட்டும் சபையில் நிலைத்தது. வெளியே தள்ளச் சொல்லி அன்று கத்தியவர்கள் சட்டப்படி தவறாக எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் டீச்சர் செய்ததுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அக்கினி கேட்ட யோவானின் கதையும் அந்த ஊரோடு முடியவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், சமாரியர் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு எருசலேமிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார்கள். ஒருவர் பேதுரு, இன்னொருவர் யோவான். எரிக்கக் கேட்ட ஜனங்களின் தலைமேல் அவர் கை வைக்க, அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெற்றார்கள்.

உங்களுக்கும் யாரோ ஒருவர் இருப்பார். அவர் செய்தது தவறுதான், உங்களிடம் ஆதாரமும் இருக்கும். அவர்மேல் அக்கினி இறங்க ஜெபிக்காதீர்கள். இந்த வாரம் அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கேட்க வேண்டியதைச் சாப்பிட்ட பிறகு, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.