பழமையெனும் வேடம்

ஒருவர் தம் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வழியைக் கொண்டு அவர்தம் மனத்தின் போக்கை அறியலாம். வேலை நேரத்தில் மனிதன் பெரும்பாலும் பிறர் ஏவியதைச் செய்கிறான்; ஓய்வு நேரத்திலோ தன் அவா ஏவியதைச் செய்கிறான். ஆகலின் பொழுதுபோக்கு என்பது தம்மத்தை ஆராய்வோர் புறக்கணிக்கத்தக்க சிறு பொருளன்று.

பெங்களூர் போன்ற நகரங்களில் இக்காலத்துக் கைத்திறன் மிக்க இளைஞர் சிலரைக் கவர்ந்துள்ள பொழுதுபோக்கு ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கடலில் மூழ்குவோர்க்கென எழுபது ஆண்டுகளுக்கு முன் தோன்றிய கைக்கடிகாரங்களின் உருவை அப்படியே போலச் செய்த புதிய கடிகாரங்களை அவர்கள் வாங்குகின்றனர். அல்லது உறுப்புகளைத் தனித்தனியே வருவித்துக் கோக்கின்றனர். பின்னர் முகப்பையும் முட்களையும் கண்ணாடியையும் மாற்றி, உண்மையான பழைய கடிகாரமே எனத் தோன்றுமாறு செய்து மகிழ்கின்றனர். இதில் குற்றம் உண்டா? உண்டெனில் அது எவ்விடத்தில் தொடங்குகிறது? இதுவே நம் வினா.

முதலில் பொருளின் வரலாற்றைக் காண்போம். நீரில் மூழ்குவோன் சுமந்து செல்லும் காற்று அளவுடையது. அது தீருமுன் அவன் மேலே வந்தாக வேண்டும். ஆகவே நேரங்காட்டும் கருவி அவனுக்கு அணிகலன் அன்று, உயிர்க்காவல். 1953இல் சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தார் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ என்னும் கடிகாரத்தை வெளியிட்டனர். ஐம்பது பாகம் ஆழம் என்பது அப்பெயரின் பொருள். ஏறக்குறைய 91 மீட்டர். பிரெஞ்சுக் கடற்படையின் போர் நீச்சல் வீரர் அதனை அணிந்தனர். அதே காலத்தில் ரோலெக்ஸ் நிறுவனத்தாரின் ‘சப்மரைனர்’ தோன்றியது. 1965இல் ஜப்பானின் செய்கோ நிறுவனத்தார் 150 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்தைச் செய்தனர். இவற்றின் முகப்பைச் சுற்றி ஒரு சுழல் வளையம் உண்டு. மூழ்கும் தருணத்தில் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கழிந்த நிமிடங்களை ஒரே பார்வையில் அறியலாம். இருண்ட நீரிலும் தெரியும்படி எண்களுக்கும் முட்களுக்கும் ஒளிரும் பூச்சு இடப்பட்டது.

இன்று நீர்மூழ்குவோர் பெரும்பாலும் மின்னணுக் கணிப்பொறியையே கையில் அணிகின்றனர். தொழில் மறைந்தபின் அதன் கருவி அழகுப் பொருளாவது உலகியற்கை. பழைய கடிகாரங்களின் விலை சாமானியர் எட்டாத உயரத்திற்குச் சென்றது, போலிகள் பெருகின. செய்கோ குழுமத்தார் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் ‘என்.எச். 35’ என்னும் தானியங்கி இயந்திரம் இப்பொழுதுபோக்கினர் பலரின் கைப்பொருளாயிற்று. நொடிக்கு ஆறு துடிப்பும், இருபத்துநான்கு கற்களும், முழுதும் முறுக்கினால் ஏறக்குறைய 41 மணி நேரம் ஓடும் ஆற்றலும் உடையது அது. அதனைச் சுற்றிப் புறவுடலை எவ்வாறும் அமைத்துக்கொள்ளலாம்.

இம்முயற்சியில் உள்ள நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தி, மயிரிழை போன்ற முள்ளை அச்சில் இருத்தும்போது மனம் வேறெங்கும் அலைய இயலாது. மூச்சு சற்றுத் தடுமாறினும் தூசு முகப்பில் படியும். கைவினைஞனுக்கு வாய்க்கும் இவ்வொருமை பயனுடைய பயிற்சியே. பழுதானதை எறியாமல் செப்பனிடும் பழக்கமும் அதனுடன் வருகிறது. ஆனந்த தேரர் உதேன அரசனுக்கு விடையிறுத்ததை விநய நூல் கூறுகிறது: பழைய சீவரம் விரிப்பாகும், விரிப்பு நைந்தால் தரைத்துணியாகும், அதுவும் நைந்தால் கால் துடைக்கவும் தூசு துடைக்கவும் ஆகும், இறுதியில் மண்ணோடு குழைத்துப் பூசப்படும். பொருளை அதன் இறுதி வரை மதித்தல் பௌத்த மரபே.

பெங்களூர் வாசிகளுக்கு இது தொலைவுச் செய்தியன்று. 1953இல் நிறுவப்பெற்ற எச்.எம்.டி. நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தாரின் ஒத்துழைப்போடு இந்நகரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. ‘ஜனதா’ எனவும் ‘பைலட்’ எனவும் பெயர் பூண்ட அக்கடிகாரங்களை அணியாத குடும்பம் அரிது. பள்ளித் தேர்வில் தேறிய மகனுக்கும், மணவறையில் அமர்ந்த மருமகனுக்கும் அவையே பரிசில். 2016இல் அக்கடிகாரத் தொழிலை மூடிவிட அரசினர் முடிவு செய்தனர். தந்தையின் நின்றுபோன கடிகாரத்தை எடுத்து மீண்டும் ஓடச் செய்யும் மகனை யார்தாம் குறை கூறுவர்?

ஆனால் அந்நிறுவனத்தின் கதையே மறுபக்கத்தையும் காட்டுகிறது. தொழில் மூடப்பட்டபின் பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். உடனே, மங்கிய முகப்பைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசி, ஒருபோதும் வெளிவராத நிறங்களையும் எழுத்துகளையும் அச்சிட்டு, “அரிய வகை” என்று விற்பாரும் தோன்றினர். செப்பனிடும் கையும் ஏமாற்றும் கையும் ஒரே கருவியையே எடுக்கின்றன. அவற்றைப் பிரிப்பது யாது?

போலச் செய்தலே குற்றம் என்பார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் விகாரைகளில் உள்ள பகவனின் திருவுருவங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று வடிக்கப்பட்டவையே. காந்தாரத்துச் சிலையையோ அநுராதபுரத்துச் சிலையையோ கண்டு இன்று வடித்த உருவத்தை எவரும் போலியென்பதில்லை. ஏனெனில் அது தன்னைப் பழஞ்சிலை என்று சொல்லிக்கொள்வதில்லை. உருவம் பொதுச் சொத்தாகலாம். வரலாறு அவ்வாறு ஆகாது.

இனி இப்பொழுதுபோக்கின் நுட்பமான பகுதிக்கு வருவோம். அன்பர்கள் கடிகாரத்தைக் கோப்பதோடு நிற்பதில்லை. அதனை முதுமையடையச் செய்கின்றனர். முகப்பைத் தேயிலை நீரிலோ காப்பி நீரிலோ ஊறவைக்கின்றனர். வெளுப்பு நீரில் வளையத் தகட்டை இட்டு, பல்லாண்டு வெயில் பட்டது போல நிறம் மங்கச் செய்கின்றனர். ஒளிரும் பூச்சை மஞ்சளித்த நிறத்தில் கலந்து இடுகின்றனர். பிரிட்டிஷ் படைக்கடிகாரங்களின் முகப்பில் வட்டத்துள் ‘டி’ என்னும் எழுத்து இருந்தது. டிரிட்டியம் பூசப்பட்டது என்பதற்கு அது அடையாளம். டிரிட்டியம் ஓர் அணுவும் இல்லாத புதிய முகப்பிலும் இன்று அவ்வெழுத்தை அச்சிடுகின்றனர்.

நரைத்த தலைக்குக் கறுப்புச் சாயம் இடும் மனிதன், புதிய கடிகாரத்திற்குப் பழுப்புச் சாயம் இடுகிறான்! தன் உடம்பில் முதுமையைக் கண்டு அஞ்சுபவன், தன் உடைமையில் முதுமையை விலை கொடுத்து வாங்குகிறான். இரண்டும் ஒரே மயக்கத்தின் இரு முகங்கள். அநிச்சம் என்னும் உண்மை நம்மைத் தீண்டாமல் நமக்கு அழகு மட்டும் தர வேண்டும் என்று விரும்புகிறோம். உண்மையான பழங்கடிகாரத்தின் மங்கல் என்பது என்ன? ஒருவன் பட்ட வெயில், சிந்திய வியர்வை, மூழ்கிய உப்புநீர், கழிந்த ஆண்டுகள். வாழ்ந்து பெற வேண்டியதை ஒரு மாலைப் பொழுதில் காப்பிக் கிண்ணத்திலிருந்து பெற முயல்வது, கழியாத காலத்தைக் கழிந்ததாகக் காட்டுவதாகும்.

காலத்தின் சுவடுகள் யாவும் இனியவை என்றும் எண்ணற்க. பழைய கடிகாரங்கள் பலவற்றின் ஒளி ரேடியத்தால் வந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அப்பூச்சை இட்ட இளம்பெண்கள், தூரிகையின் முனையைக் கூராக்க உதட்டில் வைத்துப் பழக்கப்பட்டனர். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டனர். அவருள் ஐவர் 1927இல் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. பூச்சின் ஒளி சில பத்தாண்டுகளில் அவிந்துவிடும்; ரேடியமோ பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் செல்லும். நாம் அழகென்று போலச் செய்யும் மங்கிய மஞ்சள் நிறத்தின் பின்னே இத்துயரமும் உண்டு. சுவடு என்பது அதனை ஏற்படுத்திய வாழ்வோடும் சாவோடும் சேர்ந்தே பொருள்படும். பிரித்தெடுத்துப் பூசினால் அது வெறுஞ்சாயம்.

இவ்விடத்து விநயத்திலுள்ள ஒரு விதி நமக்குத் தெளிவு தருகிறது. சாகேதத்திலிருந்து சாவத்திக்குச் சென்ற பிக்குகளையும் வேறு துறவிகளையும் வழியில் கள்வர் கொள்ளையிட்டனர். அரச சேவகர் கள்வரைப் பிடித்து ஆடைகளை மீட்டு, உம்முடையவற்றை அடையாளங் காட்டுக என்றபோது பிக்குகளால் இயலவில்லை. அதன்பின் ஏற்பட்ட விதியாவது: புதிய சீவரம் பெற்ற பிக்கு, நீலம், சேறு, கருமை என்னும் மூன்றில் ஒன்றால் அதில் கறையிட்ட பின்னரே உடுத்தல் வேண்டும்.

புதிய ஆடையில் கறையிட்ட பிக்குவையும், புதிய முகப்பில் கறையிட்ட கைவினைஞனையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவர் செயலும் ஒன்றே. பிக்குவின் கறை, “இது இன்னாருடையது” என்ற உண்மையைச் சொல்கிறது. கைவினைஞனின் கறையோ, “நான் இன்று பிறந்தேன்” என்ற உண்மையை மறைக்கிறது. குற்றம் கறையில் இல்லை. கறை சொல்லும் சொல்லில் உள்ளது.

கற்றறிந்த அன்பர் ஒருவர் இங்குத் தடை எழுப்பலாம். “நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என வினவி, உறுப்புகளின் கூட்டத்திற்கு வழங்கும் பெயரே தேர் என நிறுவவில்லையா? அவ்வாறே கடிகாரமும் ஒரு கூட்டம். தனக்கென ஓர் உள்ளியல்பு இல்லாத பொருளில் மெய் ஏது, பொய் ஏது?” என்பார். தடை அழகியது, ஆயினும் நில்லாது. பெயர் வழக்கினால் அமைந்தது என்பதாலேயே அது மக்களின் நம்பிக்கையைத் தவிர வேறு ஊன்றுகோல் அற்றது. மாறாத உள்ளியல்பு ஒன்று இருக்குமாயின், நாம் பொய்யுரைத்தாலும் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வழக்கோ நம் வாய்மையால் மட்டுமே காக்கப்படுவது. பஞ்சசீலத்தின் நான்காம் சீலம் இயங்குவது இவ்வழக்குலகில்தான். தம் பெயர் வெறும் வழக்கே என்ற நாகசேனர், தம்மை மிலிந்தன் என்று சொல்லிக்கொள்ளவில்லை!

தமிழ்ப் பௌத்தர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. 1907இல் ‘தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், யதார்த்தம் என்றும் வேஷம் என்றும் இரண்டைப் பிரித்துத் தம் நூல்களுக்கே அவ்வாறு பெயரிட்டார். ஒழுக்கத்தால் பெற வேண்டிய பெயரை ஒழுக்கமின்றிப் பூணுவது வேஷம் என்பது அவர் காட்டிய அளவுகோல். சமுதாயத்தில் வேஷம் விளைத்த கேட்டைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர் நம் மக்கள். பெயரும் பழமையும் பொய்யாகச் சூட்டப்படும்போது யாரோ ஒருவருடைய உரிமை பறிக்கப்படுகிறது என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பெரிய பொருளில் நாம் வெறுக்கும் ஒன்றைச் சிறிய பொருளில் விளையாட்டென விட்டுவிடுதல் தகுமா?

“விற்பதற்கன்று, என் மகிழ்ச்சிக்கே செய்கிறேன்” என்பது அன்பர் பலரின் மறுமொழி. எண்ணமே கம்மம் என்று பகவன் உபதேசித்தார். ஆகலின் தூய எண்ணத்தோடு செய்தவனைக் கள்வனோடு நாம் சேர்க்க மாட்டோம். எனினும் எண்ணம் செய்தவனோடு நிற்கிறது. பொருளோ அவன் கையை விட்டுச் செல்கிறது. இன்று அவன் நண்பனிடம் உண்மை சொல்லிக் கொடுப்பான். நண்பன் பணமுடையால் சந்தையில் விற்பான். வாங்கியவன் அரைகுறையாகச் சொல்லி மற்றொருவனிடம் விற்பான். நான்காம் கையில் வாய்ச்சொல் அழிந்திருக்கும். முகப்பில் அச்சிட்ட பொய்ப்பெயர் மட்டும் அழியாதிருக்கும். ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்து அதனை வாங்குபவனுக்கு, முதலில் செய்தவனின் தூய எண்ணம் எவ்வகையில் உதவும்? தான் உரைக்காத பொய்யைத் தன் கைப்பொருள் உரைக்குமாறு விட்டுச் செல்பவன், விதையை வழியில் சிந்திவிட்டு முளைத்ததற்கு நான் பொறுப்பல்லேன் என்பவனை ஒப்பான். பிறர் பெயரைப் பொய்யாகப் பொறித்தலை 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகவும் வைத்துள்ளது. சட்டத்திற்கு அஞ்சி நிற்பது தொடக்கநிலை. வாங்குவோன்பால் கருணையால் நிற்பதே நிறைநிலை.

ஆகவே இப்பொழுதுபோக்கை விடுக என்று நாம் கூறவில்லை. நான்கு நெறிகளை அதனோடு சேர்க்குமாறு வேண்டுகிறோம். பழைய வடிவைப் போற்றுக. பிறர் பெயரைப் பொறிக்கற்க. முகப்பு வெறுமையாயிருப்பின் குறைவொன்றுமில்லை. இல்லாத பொருளை உண்டெனக் காட்டும் குறியீட்டை அச்சிடற்க. பின்மூடியின் உட்புறத்தில், கோத்த ஆண்டையும் மாற்றிய உறுப்புகளையும் ஊசியால் கீறி வைக்க; கடிகாரம் எத்தனை கை மாறினும் திறந்து பார்ப்போர்க்கு அக்கீறல் உண்மையைச் சொல்லும். அதுவே பிக்குவின் கறைக்கு ஒப்பாகும். நான்காவதாக, சுவடு வேண்டுமெனில் கடிகாரத்தை அணிந்து உழைக்க. பத்தாண்டில் உங்கள் வெயிலும் உங்கள் மழையும் அதில் பதியும். அப்பழமை ஒருவரையும் ஏமாற்றாது. அதனைக் காணுந்தோறும் உங்களுக்கும் அத்தனை ஆண்டுகள் கழிந்தன என்ற நினைவும் வரும். மரணானுஸ்மிருதிக்கு அதனினும் எளிய துணை யாது?

நீர்மூழ்குவோர் கடிகாரத்தின் வளையத்தைப் பிற்காலத்தில் ஒரு திசையில் மட்டுமே சுழலுமாறு செய்தனர். பாறையில் மோதி அது தற்செயலாக நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டாது. மூழ்கியவன் சற்று முன்னதாக மேலே வருவான், உயிர் இழக்கமாட்டான். தவறு நேரினும் காக்கும் பக்கமாகவே நேர வேண்டும் என்பது அதனை அமைத்தோர் கருத்து. நம் சீலமும் அத்தகையதாகுக. ஐயம் எழும் இடத்தில் மெய்யின் பக்கமாகவே நம் கை நகர்வதாக.