தாயம் விழாதவர்கள்

பகடை விஷயத்தில் எனக்கு மூன்று பிடிவாதங்கள் உண்டு. எல்லோர் கண்ணெதிரிலும் உருட்ட வேண்டும். விழுந்ததை மாற்றக் கூடாது. விழுந்ததற்காக யாரும் பெருமை பேசவும் கூடாது, யாரையும் பழிக்கவும் கூடாது. முதல் இரண்டையும் என்னோடு விளையாடுகிறவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மூன்றாவதில்தான் வம்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையில் நாங்கள் கூடி ஆடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், என்ன ஆகும் என்று சொல்ல முடியாத இடங்களில் பகடை முடிவு சொல்லும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த ஆட்டம். அதன் அடையாளம் இருபது முகப் பகடை. எந்த எண் விழவும் 5 சதவீத வாய்ப்பு. 1-க்கும் அதே 5, 20-க்கும் அதே 5. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. "பத்து வருஷம் வாள் பழகினவன்டா என் ஆளு. பகடை 1 காட்டுச்சுன்னா அவன் வாளைக் கீழ போட்டுட்டு நிக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்?" என்பான் ஒரு நண்பன்.

அவனுக்கு வேண்டியது மூன்று ஆறுமுகப் பகடைகளைச் சேர்த்து உருட்டிக் கூட்டும் முறை. 1986-இல் வந்த 'கர்ப்ஸ்' அப்படித்தான் நடக்கும். மூன்று பகடைகள் 216 வகையில் விழலாம். 10-ம் 11-ம் தலா 27 வகையில் வரும். 3-க்கும் 18-க்கும் ஒவ்வொரு வகைதான். நடுவில் குவிந்து ஓரங்களில் சரிந்துவிடும். பழகியவன் பெரும்பாலும் ஜெயிப்பான், பழகாதவன் பெரும்பாலும் தோற்பான். உழைப்புக்கு மரியாதை இருப்பது போலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் எனக்கு உறுத்துகிறது.

நான் பேரையூர்ப் பக்கம் வளர்ந்தவன். எனக்குப் பகடை என்றால் முதலில் தாயக்கட்டைதான். (கீழடியில் தந்தத்திலும் சுடுமண்ணிலும் பகடைகள் கிடைத்திருக்கின்றன. வைகைக்கரைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல.) இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: 1, 2, 3, அப்புறம் ஒரு வெற்றுப் பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. மொத்தம் 16 வகை. அதில் 3 விழ நான்கு வகை, தாயம் என்கிற 1 விழ இரண்டே வகை. அதாவது எட்டில் ஒன்று. அந்த ஒன்று விழாமல் காயைக் கட்டத்தில் இறக்க முடியாது. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறக்குறைய 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேர் ஆடினால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பது சாதாரணம். அவர் மோசமாக ஆடவில்லை. இன்னும் ஆடவே தொடங்கவில்லை.

புளியங்கொட்டை வைத்து ஆடுவது இன்னும் வேடிக்கை. ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி நான்கு கொட்டையை உருட்டுவோம். ஒவ்வொரு கொட்டையும் அதற்கென்று ஒரு சாய்வோடு விழும். கணக்குப் போட முடியாத பகடை அது.

தாயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் உண்டு. தந்தை வழி வரும் உரிமை, சொத்தில் பங்கு. தாயாதி என்றால் பங்காளி. தாயம் விழுந்தால்தான் கட்டத்துக்குள் போகலாம் என்ற விதியை இந்தப் பொருளை வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எனக்கு அது விளையாட்டு விதி மாதிரித் தெரியவில்லை, ஊர் நிலவரம் மாதிரி இருக்கிறது.

நண்பனின் வாள்வீரனுக்கு வருகிறேன். பத்து வருஷம் பழகினான், சரி. வாள் யார் வாங்கித் தந்தார்கள்? அந்தப் பத்து வருஷம் அவன் வீட்டில் சோறு எப்படி வந்தது? 1974 விதிப்படி ஒரு பாத்திரத்தின் பலம், அறிவு எல்லாவற்றையும் மூன்று பகடை உருட்டித்தான் தீர்மானிப்பார்கள். எது விழுகிறதோ அதோடு வாழ வேண்டும். இன்று நிறையப் பேருக்கு அது பிடிப்பதில்லை. ஆளுக்கு 27 புள்ளி என்று கொடுத்து, வேண்டியபடி பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்துவிட்டது. மேஜையில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் 27 புள்ளியோடுதான் பிறந்தோம் என்ற நினைப்பை மேஜைக்கு வெளியிலும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்க்கிறேன். நமக்கு வாய்த்த திறமையோ பிறந்த குடும்பமோ நாம் சம்பாதித்தது அல்ல என்றார் ஜான் ரால்ஸ், 1971-இல் எழுதிய நீதி பற்றிய புத்தகத்தில். பாடுபடும் மனசு வாய்ப்பதில்கூடக் குடும்பச் சூழலின் பங்கு உண்டு என்பது அவர் வாதம். கல்லூரியில் இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது போர் வண்டிதான்.

பேரையூர் வட்டத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், மழை பெய்தால் உண்டு. மழையை நம்ப முடியாதவர்கள் போர் போடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் காட்டைச் சுற்றி நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் கல்லை நடுவார்கள். ராத்திரியில் வண்டி வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அடியில் இருப்பது கடினப் பாறை. வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர். வெடிப்பு எங்கே போகிறது என்று வரப்புக்குத் தெரியாது. என் சித்தப்பா காட்டில் 700 அடி வரைக்கும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. ஒரு வரப்பு தள்ளி, பங்காளி காட்டில் 320 அடியில் ஈரம் வந்தது. இருவரும் ஒரே தேங்காய்க்காரரைத்தான் கூப்பிட்டார்கள், ஒரே மாதிரித்தான் கடன் வாங்கினார்கள்.

பத்து வருஷம் கழித்து ஊர் பேசுவதைக் கேட்க வேண்டும். "அவன் பாடுபட்டான், முன்னுக்கு வந்துட்டான். இவன் கொஞ்சம் மந்தம்." அந்தப் பங்காளி நல்ல மனிதர்தான், பாடுபட்டதும் உண்மை. ஆனால் தண்ணீர் வந்த பிறகு பட்ட பாடு அது. தண்ணீர் வராத காட்டில் என்ன பாடுபட? சித்தப்பாவே "நமக்கு ராசியில்லப்பா" என்பார். கேட்க விதியின் மேல் பழி போடுவது போல இருக்கும். யோசித்தால், ஒரே ஒரு முறை விழுந்த விழுகையைத் தன் உடம்போடு ஒட்டிக்கொள்கிறார். பகடைக்கு நினைவு கிடையாது. போன முறை என்ன விழுந்தது என்று அடுத்த உருட்டலுக்குத் தெரியாது. மனிதன்தான் ராசி என்று பெயர் வைத்துச் சுமந்துகொண்டு திரிகிறான்.

அதிர்ஷ்டத்துக்குத் திறமை என்று பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்பதை இணைய ரம்மியில் பார்த்துவிட்டோம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்றது. 2025-இல் வந்த ஒன்றியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, இணையத்தில் பணம் கட்டி ஆடுவதையே தடுத்தது. நீதிமன்றக் கணக்கு எப்படியோ, தோற்றவன் மனசில் ஓடுவது இதுதான்: இது திறமை ஆட்டம் என்றால் தோற்றது என் குறை, இன்னும் கவனமாக ஆடினால் விட்டதைப் பிடித்துவிடலாம். குலுக்கல் சீட்டில் தோற்றவன் சீட்டைத் திட்டுவான். திறமை ஆட்டத்தில் தோற்றவன் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் பணம் கட்டுவான்.

எல்லாம் பகடை என்றால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லையா என்று நண்பன் கேட்பான். நியாயமான கேள்வி. தருமன் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சகுனி உருட்டியதில் விழுந்த எண்ணுக்குத் தருமன் பொறுப்பல்ல. திரௌபதியைப் பணயமாக வைத்ததற்குப் பொறுப்பு. அவள் சபையில் கேட்ட கேள்வியும் பகடையைப் பற்றியதல்ல. தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு என்னை வைக்க ஏது உரிமை என்பதுதான். தாயத்திலும் விழுவது மட்டுமே கட்டையின் வேலை. எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்பது ஆடுகிறவர் வேலை. அதிலும் ஒரு கொடூரமான விதி உண்டு: ஒருவரையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குப் போய்ப் பழமாக முடியாது. மற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல் யாரும் வீடு சேர முடியாது. இந்த விதியை நான் என்றைக்கும் மன்னித்ததில்லை. இல்லாமல் ஆடினால் சப்பென்று இருக்கிறது என்பதும் உண்மை.

இனி விழுந்ததை மாற்றும் விஷயம். கதை நடத்துகிறவர்கள் பலர் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவார்கள். ஒருவரின் பாத்திரம் அநியாயமாகச் சாகப் போகிறது என்றால் எண்ணை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். இரக்கம்தான். ஆனாலும் எனக்குப் பிடிக்காது. யார்மேல் இரக்கம் வரும் என்பது நடத்துகிறவரின் பிரியத்தைப் பொறுத்தது. யாருக்கும் தெரியாமல் வருகிற இரக்கம் பெரும்பாலும் வேண்டியவர் பக்கமே போகும். தாலுகா ஆபீசில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

என் அப்பத்தா வேறு மாதிரிச் செய்வார். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தால், கட்டையைத் தொடும் முன்பே சத்தமாகச் சொல்லிவிடுவார்: "அஞ்சு சுத்துல தாயம் விழலைன்னா காய இறக்கிக்கலாம். எல்லாருக்கும்தான், எனக்கும்தான்." அப்புறம் விழுந்தது விழுந்ததுதான். அழுதாலும் மாற்ற மாட்டார், பேரனைக்கூட வெட்டுவார்.

இதை எங்கள் குழுவில் சொன்னபோது நண்பன் மடக்கினான். "அப்ப மொத உருட்டுலயே தாயம் போட்டவனுக்கு என்னடா மரியாதை?" அவன் நாலு சுற்று முன்னால் போய்விட்டானே, அது போதாதா என்றேன். அவனுக்குச் சமாதானமாகவில்லை. இந்த ஞாயிறு மூன்று பகடை முறையில்தான் ஆடப் போகிறோம். ஓட்டெடுப்பில் நான் தோற்றுவிட்டேன்.